தனபால் சாருக்கு வந்து சேராத வார்த்தை

தனபால் சார் இறந்துபோன செய்தியை என் கடைக்கு முதலில் கொண்டுவந்தவர் சேலத்திலிருந்து ரொட்டி இறக்குகிற வண்டிக்காரர். தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "அம்மா, உங்க பக்கத்து ஊட்டு டிஷ்காரர் ஆஸ்பத்திரியில போயிட்டாராமுங்க" என்றார்.

"போயிட்டாராமா, போயிட்டாரா? நீ பார்த்தியா?"

"இல்லீங்க, அடிவாரத்து டீக்கடையில பேசிக்கிட்டாங்க."

"அப்படின்னா அந்தச் சேதியை உன் வண்டியிலயே வச்சுக்கோ சாமி. ரொட்டியை மட்டும் இறக்கு."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அதற்காக நான் வருத்தப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் விஜயா போன் செய்தாள். விஜயா தனபால் சாருடைய மனைவி. "அக்கா, நான் பக்கத்துலயேதான் இருந்தேன். கையைப் புடிச்சிட்டுத்தான் இருந்தேன். போயிட்டாருங்கக்கா" என்றாள். அதற்குப் பிறகுதான் கடையின் ஒரு பக்கக் கதவைச் சாத்தினேன்.

நீங்கள் எல்லோரும் அவருடைய ரேடியோ நண்பர்கள். சேலத்தில் அவருக்குக் கூட்டம் போடுகிறீர்கள், ஒரு சின்ன நினைவு மலரும் அச்சடிக்கிறீர்கள். உங்களில் கோகிலா, காலேஜில் பாடம் எடுக்கிற பெண், எனக்குப் போன் செய்து, "பக்கத்து ஊட்டுக்காரங்க நீங்களும் எழுதிக் குடுங்கம்மா" என்றாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். கடைக்கணக்கைத் தவிர எதையும் நீளமாக எழுதியதில்லை. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள், மலரின் முதல் பக்கத்தில் 'ஏற்காட்டிலிருந்து நிலா வழியாக அர்ஜென்டினாவோடு தொடர்பு கொண்டவர்' என்று பெரிய எழுத்தில் வரப்போகிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். உடனே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வரி தப்பு. அதை எடுக்கச் சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன். அது ஏன் தப்பு என்று உங்களில் சிலருக்கே தெரியும். தெரிந்தும் போடுகிறீர்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

வெள்ளக்கடை போகிற வழியில், என் காப்பித் தோட்டத்துக்குக் கிழக்கே இருந்த மேட்டை வாங்கி அவர் வீடு கட்டினார். டெலிபோன் இலாகாவில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர் என்று சொன்னார்கள். சாமான் இறங்கிய அன்றைக்கே லாரியில் ஒரு டிஷ்ஷும் வந்தது. முன்பெல்லாம் கேபிள் டிவிக்காரர்கள் மொட்டை மாடியில் வைத்திருப்பார்களே, கம்பி வலை போட்ட பெரிய டிஷ், அதுதான். சேலத்தில் கேபிள்காரர் ஒருவர் வேண்டாம் என்று போட்டதை வாங்கி வந்திருந்தார். அது நின்றதும் எங்கள் பக்கத்துப் பெண்கள் வரிசையாகப் போய், "சார், எங்களுக்கும் ஒரு கனெக்சன் குடுங்க. மாசாமாசம் சரியாக் கட்டிப்புடுவோம்" என்று கேட்டார்கள்.

"அம்மா, இதுல சீரியல் எல்லாம் வராதுங்க. இது நிலாவுக்குங்க" என்றார் அவர்.

"நிலாவுல சேனல் இருக்குதுங்களா?"

"இல்லீங்க. இங்கிருந்து நான் ஒரு சத்தம் அனுப்புவேன். அது நிலா மேல பட்டுத் திரும்பி வரும். உலகத்துல இன்னொரு மூலையில இருக்கிறவர் அதைப் புடிப்பாரு. அவரு அனுப்புறதை நான் புடிப்பேன்."

"புடிச்சு?"

"புடிச்சா, புடிச்சதுதானுங்க."

அதற்குப் பிறகு யாரும் கனெக்சன் கேட்கப் போகவில்லை. கொஞ்ச நாள் பரிதாபமாகப் பார்த்தார்கள். விஜயாவிடம், "நல்லாத்தானே இருந்தாரு?" என்று விசாரித்தார்கள்.

இனி நான் சொல்லப்போவது அவரைப் பற்றி நல்லதாக இருக்காது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவரைப் பற்றி நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொன்னால் அது யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வது போல ஆகிவிடும். எங்கள் இரண்டு பேர் நிலத்துக்கும் நடுவே என் பக்கத்தில் ஒரு வரிசை சில்வர் ஓக் நிற்கிறது. காப்பிக்கு நிழல், ஒவ்வொரு மரத்திலும் மிளகுக் கொடி. என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் வைத்தது. டிஷ் வந்த முதல் வருஷம், தனபால் சாருடைய கூலி ஆள் ஒருவன் வேலி தாண்டி வந்து, டிஷ்ஷுக்கு மறைக்கிறது என்று ஒரு மரத்தின் கிளைகளை அரிவாளால் கழித்துவிட்டான். கிளையோடு கொடியும் போனது. சரம் பிடித்திருந்த கொடி. தரையில் பச்சை மிளகு சிந்திக் கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

தனபால் சார் ஓடிவந்தார். "மைமூனம்மா, நான் என் பக்கத்துப் புதரைத்தான் வெட்டச் சொன்னேனுங்க. தப்பாப் போச்சு" என்றார். "நீங்க சொன்னீங்களோ, உங்க ஆளு நெனச்சானோ, என் கொடி போச்சு" என்றேன். அவர் நஷ்டத்துக்கு ஏதோ கொடுக்க வந்தார். நான் வாங்கவில்லை. வாங்கினால் விஷயம் முடிந்துவிடும். அதன்பிறகு நெடுநாள் அவரோடு பேச்சில்லை. விஜயாவோடு பேசுவேன். அவர் கடைக்கு வந்தால் சாமானைக் கொடுப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். அந்தக் கொடிக்காக நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் தினமும் என் கடைக்கே வந்து ரொட்டி வாங்கினார்.

பேச்சை ஆரம்பித்தது நான்தான், காரியமாகத்தான். ஒரு ரமலான், இருபத்தொன்பதாம் நோன்பு. சாயங்காலம் மலை முழுக்கப் பனி இறங்கிவிட்டது. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை, பிறை எங்கே தெரியப்போகிறது? வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் முற்றத்தில் நின்று ஆளுக்கொரு திசையைக் காட்டிக்கொண்டிருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. வேலியோரம் போய், "ஏனுங்க, அது இப்போ எந்தப் பக்கம் நிக்கும்?" என்று கேட்டேன். இத்தனை நாள் பேசாதவள் பேசுகிறாளே என்று அவர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே போனார். டிஷ் மெதுவாகத் திரும்பி, மேற்கே பனிக்குள் ஒரு இடத்தைப் பார்த்து நின்றது. "அது பார்க்கிற இடத்தையே பாருங்க. பனி விலகுனா அங்கதான்" என்றார்.

நாங்கள் எல்லோரும் டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று கழுத்தை நீட்டினோம். பனி விலகவில்லை. என் கொழுந்தன் மகன் பொறுமை இல்லாதவன். "சார்தான் இருக்குதுன்னு சொல்றாரே, அது போதாதா?" என்றான்.

தனபால் சார் சொன்னார்: "போதாதுங்க தம்பி. அது அங்க இருக்குறது வேற, நமக்கு வந்து சேர்றது வேற. நான் சொல்றது கணக்கு. உங்க வழக்கம் பார்க்கிறது. ரெண்டையும் கலக்கக் கூடாது."

பிறகு சேலத்திலிருந்து பார்த்தவர்கள் சொன்ன தகவல் பள்ளிவாசலுக்கு வந்தது. மறுநாள் பெருநாள். நான் அவர் வீட்டுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினேன். அதை வைத்துச் சமாதானம் ஆகிவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று விஜயாவுக்குச் சொல்லியும் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு எப்போதாவது அவர் ரேடியோ வைத்திருந்த அறைக்குப் போவேன். ஒருநாள் ரேடியோ சத்தம் கேட்கிற காது மெஷினை என் தலையில் மாட்டிவிட்டார். தகரக் கூரை மேல் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். வேறொன்றும் இல்லை. "இதுல யாரு பேசறா?" என்றேன். "பேசறது காதுக்குக் கேக்காதுங்க. நிலாவுக்குப் போய் வர்றதுக்குள்ள தேஞ்சு தேஞ்சு இந்த இரைச்சலுக்கு அடியில கிடக்கும். கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் அதைச் சேர்த்து வச்சு, அலசி, எழுத்தாக் காட்டும்" என்றார். ஒரு நிமிஷம் இவர் அனுப்ப வேண்டும், மறு நிமிஷம் கேட்க வேண்டும். வருவதும் பெரிய பேச்சு இல்லை. முதலில் இரண்டு பேருடைய அடையாளப் பெயர். அப்புறம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்கிற அளவு. கடைசியில் 'கிடைத்தது' என்பதற்கு ஒரே ஒரு வார்த்தை. இந்த மூன்றும் இரண்டு பக்கமும் நிலா வழியாகவே வந்து சேர்ந்தால்தான் தொடர்பு முழுமை. ஒன்று குறைந்தாலும் தொடர்பே இல்லை. உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. நீங்கள் மறந்துவிட்டது போலத் தெரிவதால் சொல்கிறேன்.

எத்தனையோ நாட்டுக்காரர்களோடு அவருக்கு அந்த மூன்றும் முடிந்தது. அர்ஜென்டினா ஒன்றுதான் கைக்கு வராமல் இருந்தது. அங்கே ஒராசியோ என்று ஒருவர், இவர் வயசுக்காரர், ரயில்வேயில் இருந்தவராம். இரண்டு பேரும் மெயிலில் அப்படியொரு சிநேகம். பேரப்பிள்ளை போட்டோ, சமையல், மூட்டு வலி எல்லாம் பரிமாறிக்கொள்வார்கள். ஆனால் நிலா வழியாக ஒரு எழுத்துகூட வந்ததில்லை. பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர். அங்கே நிலா கிளம்பிய கொஞ்ச நேரத்தில் இங்கே இறங்கிவிடும். ஒராசியோ வீட்டுக்குக் கிழக்கே ஒரு மாடிக் கட்டடம் மறைக்கிறது. அதைத் தாண்டி அவருக்கு நிலா தெரிகிற நேரத்தில் இங்கே அது என் சில்வர் ஓக் இலைகளுக்குள் நுழைந்திருக்கும். ஈர இலைக்குள் அந்தச் சத்தம் செத்துவிடுமாம். இதை அவர் என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. விஜயா சொல்லித்தான் தெரியும்.

அப்படியிருக்க ஒருநாள் முற்பகலில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடிவந்தார். "மைமூனம்மா, வந்துட்டாருங்க! ஒராசியோ வந்துட்டாரு! பேரும் வந்துச்சு, அளவும் வந்துச்சு!" என்றார். என் அலமாரியில் இருந்த தேங்காய் பன் அத்தனையும் எடுத்து, நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸில் ஏறி, டிரைவர் கண்டக்டர் முதற்கொண்டு மாரமங்கலம் போகிற ஜனம் முழுக்கக் கொடுத்தார். எதற்கு என்று தெரியாமலே எல்லோரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் அவர் கடைக்கு வந்தபோது முகம் சரியில்லை. "அது பொய்யுங்க" என்றார். ஒராசியோ வீட்டில் முந்தின நாள் கரண்டே இல்லையாம். அவர் மெஷினைப் போடவே இல்லை. பிறகு எப்படி வந்தது? இந்த வேலையில் இருக்கிறவர்களின் அடையாளப் பெயர்கள் கம்ப்யூட்டருக்குள் வரிசையாக இருக்குமாம். சத்தம் சரியாகப் பிடிபடாதபோது, இருக்கிற பெயர்களில் எது கொஞ்சமாவது ஒத்துப்போகிறது என்று பார்த்து, இவர்தான் என்று அது காட்டிவிடுமாம். "நான் யாருக்காகக் காத்துட்டு இருக்கேன்னு அதுக்குத் தெரியுமுங்க. வெறும் இரைச்சல்ல இருந்து அவரையே எடுத்துக் குடுத்துடுச்சு. நானும் பார்த்த உடனே நம்பிட்டேன். ஆசைதானுங்க" என்றார்.

இதோடு விட்டிருந்தால் அவர் உங்களைப் போல, என்னைப் போல ஒரு மனிதர். அவர் என்ன செய்தார் தெரியுமா? பன் சாப்பிட்டவர்களைத் தேடித் தேடிப் போய், அது பொய் என்று சொன்னார். பஸ்ஸை நிறுத்தி கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர், "சார், பன்னைத் திருப்பிக் குடுக்க முடியாதுங்க. செரிச்சுப் போச்சு" என்றார். பஸ்ஸே சிரித்தது. தனபால் சாரும் சிரித்தார். வீட்டுக்குப் போய் ஒராசியோவின் பெயரைக் கம்ப்யூட்டரின் வரிசையிலிருந்து அழித்துவிட்டார். இனிமேல் அந்தப் பெயர் எழுத்து எழுத்தாக நிலாவிலிருந்தே வந்தால்தான் உண்டு. ஏற்கெனவே கஷ்டமாக இருந்ததை இன்னும் கஷ்டமாக்கிக்கொண்டார். உங்களில் ஒருவர் போனில் அவரைப் பைத்தியம் என்று திட்டியது எனக்குத் தெரியும். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் பக்கத்தில் இருந்தேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

பிறகு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. டாக்டர் படியேறக் கூடாது, பதற்றப்படக் கூடாது என்றார். விஜயா என்னிடம் வந்து, "அக்கா, ஒராசியோவுக்கும் உடம்பு சரியில்லையாமுங்க. ரெண்டு கெழவனும் போட்டி போட்டுட்டு இருக்காங்க, யாரு முந்திப் போறதுன்னு" என்று சொல்லி அழுதாள். 

மழைக்கு முன்னால் நிழல் மரங்களுக்குக் கிளை கழிப்பது எங்கள் மலை முழுக்க இருக்கிற வழக்கம். அந்த வருஷம் நான் சித்திரையிலேயே ஆள் வரச் சொன்னேன். மாரமங்கலத்து வெள்ளையன், இந்த வேலையில் கைதேர்ந்தவர், மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "ஏனுங்கம்மா, இவ்வளவு சீக்கிரமா? அதுவும் இந்த வரிசைக்கு மட்டுமா?" என்றார். "கேள்வி கேக்கறதுக்கா கூலி? மேல ஏறுங்க" என்றேன்.

அரிவாள் சத்தம் கேட்டு தனபால் சார் வேலியோரம் வந்துவிட்டார். கையால் நெஞ்சைப் பிடித்திருந்தார்.

"மைமூனம்மா, எனக்காகவா?"

"உங்களுக்காக எவன் வெட்டுவான்? காப்பிக்கு வெயில் வேணும்."

"மொளகுக் கொடிங்க?"

"ஒரு கொடி அறுந்தாலும் உங்க டிஷ்ஷை ஓட்டை போட்டுருவேன்னு வெள்ளையன் கிட்டச் சொல்லியிருக்கேன்."

"அது பூராவும் ஓட்டைதானுங்களே" என்றார். கம்பி வலை அல்லவா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பார்ப்பதற்குள் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த தேய்பிறையில் ஒரு முற்பகல். அவர் பதற்றப்பட்டால் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும் என்று விஜயா என்னையும் அந்த அறையில் உட்காரவைத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மொட்டையாக நின்ற சில்வர் ஓக்குகளுக்கு மேலே, கரைந்துபோன சோப்புத் துண்டு மாதிரி பகல் நிலா. டிஷ் அதைத் தொடர்ந்து கீழே சாய்ந்துகொண்டே வந்தது. ஒரு நிமிஷம் இவர் அனுப்புவார். ஒரு நிமிஷம் சும்மா இருப்போம். விஜயா மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. திரையில் வெறுமை, மறுபடி வெறுமை. பிறகு ஒரு வரி வந்தது.

அவர் துள்ளவில்லை. விரலை வைத்து எழுத்து எழுத்தாகத் தொட்டுப் படித்தார். ஒராசியோவின் பெயர். இவருடைய பெயர். "வரிசையில அவரு பேரு இல்லீங்க. நான் அழிச்சுட்டேன். இது அங்கிருந்து வந்ததுதான்" என்று எங்களிடம் சொன்னார்.  அடுத்த முறை அளவு வந்தது. இவர் தன் பங்கை அனுப்பினார். இனி ஒராசியோவிடமிருந்து அந்தக் கடைசி வார்த்தை ஒன்றுதான் பாக்கி.

அது வரவில்லை. நிலா மலைக்குப் பின்னால் இறங்கியது. டிஷ் தரையைப் பார்த்துத் தொங்கியது. அப்போதும் அவர் மெஷினை நிறுத்தவில்லை. கடைசியில் விஜயாதான் எழுந்து, "காப்பி போடறேன்" என்றாள்.

அன்றைக்கே ஒராசியோ மெயில் அனுப்பினார். இவர் அனுப்பியது எல்லாம் அவருக்குத் தெளிவாக வந்துவிட்டதாம். கடைசி வார்த்தையைத் திரும்பத் திரும்ப அனுப்பினாராம். நாம் ஜெயித்துவிட்டோம் நண்பா என்று எழுதியிருந்தாராம். விஷயம் கேள்விப்பட்டு உங்களில் இரண்டு பேர் சால்வையோடு மலையேறி வந்தீர்கள். சால்வை மடிப்புக் கலையாமல் அப்படியே திரும்பிப் போனது. நான் அங்கேதான் இருந்தேன்.

"சார், அவருதான் அனுப்புனேன்னு சொல்லிட்டாரே" என்றீர்கள்.

"அவரு அனுப்புனாரு. எனக்குக் கேக்கலைங்க."

"மெயில் வந்திருக்குதே சார்!"

"மெயில் கம்பியில வந்துச்சுங்க. நிலாவுல வரலை."

நீங்கள் அதோடு விட்டுவிட்டீர்கள். நான் விடவில்லை. நீங்கள் போன பிறகு நானே கேட்டேன்: "நெஞ்சு வலியை வச்சுக்கிட்டு இன்னொரு தடவை கிடைக்குமோ கிடைக்காதோ. ஆச்சுன்னு சொல்லிட்டா யாரு வந்து உங்களைக் கேக்கப் போறா?"

"நான் கேப்பேனுங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரொட்டி நேற்றையதா என்று கேட்கிற மாதிரிச் சொன்னார்.

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கு மனஸ்தாபங்கள் அதிகம். ஊர் அறிந்த விஷயம். யார் எப்போது என்ன சொன்னார்கள், என்ன புடவை கட்டிக்கொண்டு சொன்னார்கள் என்பதுவரை என்னிடம் இருக்கும். எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் பாதி என் காதால் கேட்டதே இல்லை. என் நாத்தனார் சகர்பானு விஷயமே அப்படித்தான். 'அண்ணன் கண்ணை மூடினதும் மைமூன் கடையை வளைத்துக்கொண்டாள்' என்று ஒரு கல்யாண வீட்டில் அவள் சொன்னதாகச் சமையல்காரி ஒருத்தி வந்து சொன்னாள். அன்றிலிருந்து நான் சேலத்தில் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பஸ் ஏறிப் போனேன். கதவைத் திறந்தவளிடம் நின்றபடியே, "நீ அப்படிச் சொன்னியா, இல்லையா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். உள்ள வா மச்சி, டீ போடறேன்" என்றாள்.

திரும்பி வந்து தனபால் சாரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் விஜயா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "நெஞ்சு, நெஞ்சு" என்று கத்தினாள். "மைமூனம்மா, உங்க தொடர்பு முழுமைங்க. ரெண்டு பக்கமும் கேட்டாச்சு" என்றார். உண்மைதான். இப்போது அந்தக் கோபம் என் காதால் கேட்ட கோபம். ஆனால் மாதம் ஒருமுறை அவள் வீட்டுக்குப் போய் அந்தச் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துவிட்டு வருகிறேன். தலைச்சோலையில் ஒருத்தியிடமும் இதே மாதிரி போய்க் கேட்டேன். அவள் சொல்லவே இல்லை என்று ஆணையிட்டாள். அந்தக் கோபத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். கை வீசி நடக்க நன்றாக இருந்தது.

அவருக்கு இன்னொரு நிலா கிடைக்கவில்லை. அடுத்த மாதம் மழையும் இடியும். மின்னலுக்குப் பயந்து எல்லா வயரையும் கழற்றி வைத்தார். மழை விட்டபோது ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசியாகப் பார்க்கப் போனபோது, "கிளை துளிர்த்திருக்குமே, வெயிலை மறைக்குதுங்களா?" என்று கேட்டார். "காப்பிக்குத்தானே கேக்கறீங்க?" என்றேன். "காப்பிக்குத்தானுங்க" என்றார்.

இப்போது ஒராசியோ உங்களுக்கு எழுதியிருக்கிறாராம், இந்தத் தொடர்பு முழுமை அடைந்ததாக இரண்டு பேர் பெயரிலும் பதிந்துகொள்ளலாம், தனக்குச் சம்மதம் என்று. ஒராசியோ நல்லவர். நண்பனை இழந்தவர் அப்படித்தான் எழுதுவார். ஆனால் அவர் சம்மதத்தால் இவருக்குக் கேட்டதாகிவிடாது. உயிரோடு இருந்தபோது வேண்டாம் என்றவர் வாயில், வாய் மூடிய பிறகு அந்த வார்த்தையைத் திணிக்காதீர்கள். ஆசைப்பட்ட பெயரை இரைச்சலிலிருந்து எடுத்துக் கொடுத்ததே அந்தக் கம்ப்யூட்டர், அதே வேலையைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்.

கோகிலா, கண்ணு, அந்த டிஷ்ஷை ஓட்டிப் பார்க்க விஜயாவிடம் நீ அனுமதி கேட்டாய் என்று தெரியும். வந்து ஓட்டு. உனக்கு மூன்றும் வந்தால் உன் பெயரில் எழுதிக்கொள். கிளை கழிப்பது என் பொறுப்பு, காப்பிக்கு எப்படியும் வெயில் வேண்டும். மலரின் முதல் பக்கத்தில் மட்டும் இப்படிப் போடு: 'அர்ஜென்டினாவின் குரலைப் பிடித்தார். கடைசி வார்த்தை அவருக்கு வந்து சேரவில்லை.' படிக்கிறவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். சொல்லட்டும். அவர் பாவமாக உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை. நிலா இறங்கிப்போன பிறகு விஜயா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்த தேய்பிறை எப்போது என்று காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவர் சொன்ன ஒரு சொல்தான். அதற்குச் சாட்சி வேண்டியதில்லை, யார் மூலமாகவும் எனக்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் காதால் கேட்டேன்: "கேக்கலைங்க."